‘துறைமுகம்’ என்று எழுதினால் போதுமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் படிக்க நம்மில் பெரும்பாலோர் ஒரே முறையைத்தான் கையாளுகிறோம். நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். ‘போர்ட்’ என்றால் துறைமுகம். நான்கு வரி தள்ளி ‘ஹார்பர்’ வருகிறது; அதற்கும் துறைமுகம். பரீட்சையில் அப்படியே எழுதுகிறோம், மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரண்டு சொற்களும் ஒன்றுதான் என்றால் ஆங்கிலேயன் எதற்காக இரண்டு சொற்களை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதும், அதற்கு விடை தேட நம் ஊரைவிட நல்ல அகராதி கிடையாது என்பதும் என் கருத்து.

‘ஹார்பர்’ என்பது கடல் நமக்குத் தருகிற அடைக்கலம். அலையும் காற்றும் அடிக்காமல் கப்பல் நிம்மதியாக நிற்கக்கூடிய நீர்ப்பரப்பு அது. அச்சொல்லின் பழைய பொருளே தங்குமிடம் என்பதுதான். அதனால்தான் ஒருவனுக்குப் புகலிடம் கொடுப்பதற்கும், மனத்தில் பகையை வைத்துக் காப்பாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்லை வினையாக்கிச் சொல்கிறார்கள். ‘போர்ட்’ என்பது மனிதன் நடத்துகிற இடம். சரக்கு ஏற்றி இறக்கும் மேடை, பாரந்தூக்கி, கிடங்கு, சுங்க அலுவலகம், கூலியாட்கள் எல்லாம் சேர்ந்தது. ஹார்பர் இருந்தும் போர்ட் இல்லாத இடம் உண்டு. போர்ட் இருந்தும் நல்ல ஹார்பர் இல்லாத இடமும் உண்டு.

இந்த இரண்டாவது வகைக்குப் பல ஆண்டுகள் உதாரணமாக இருந்ததே நம் தூத்துக்குடிதான். பழைய துறைமுகத்தருகே கடல் ஆழம் குறைவு. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் சில மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. பருத்தி மூட்டைகளும் உப்பும் ஆட்களும் தோணியில் ஏறித்தான் கப்பலுக்குப் போக வேண்டும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கும் முன்பு, கொழும்புக்குப் போகிறவர்கள் இரயிலில் தூத்துக்குடி வந்து இப்படித்தான் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கரையில்தான். பெரிய கப்பல் கரையைத் தொட வழியில்லாத ஊர், வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டது. போர்ட் என்பது தண்ணீரின் ஆழத்தால் மட்டும் ஆவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

பிற்காலத்தில் கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். அப்போதுதான் பெரிய கப்பலுக்கேற்ற ஹார்பர் நமக்குக் கிடைத்தது. அதை மனிதனே செய்தான். 1974ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய துறைமுகமும் அதனோடு இணைந்தது. 2011 முதல் அது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கியிருக்கிறது. இவ்வளவு வரலாறும் ‘போர்ட்’, ‘ஹார்பர்’ என்ற இரு சொற்களின் இடைவெளிக்குள் அடங்கியிருக்க, நாமோ இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

கோயில் விஷயத்திலும் இதே கதைதான். வெளியூர் விருந்தினர் வந்தால் நாம் பெருமையோடு பனிமய மாதா பேராலயத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அவர்கள் ‘இதுதான் உங்கள் கதீட்ரலா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்கிறோம். அது பசிலிக்கா, கதீட்ரல் அன்று. நம் மறைமாவட்டத்தின் கதீட்ரல் திரு இருதய ஆலயம். ‘கதீட்ரா’ என்றால் இருக்கை. ஆயரின் இருக்கை எந்தக் கோயிலில் இருக்கிறதோ அதுதான் கதீட்ரல். சிறியதாக இருந்தாலும் அது கதீட்ரலே. பசிலிக்கா என்பது ஒரு கோயிலின் தொன்மையையும் சிறப்பையும் மதித்துத் திருத்தந்தை அளிக்கும் பட்டம். பனிமய மாதா ஆலயம் அதை 1982இல் பெற்றது. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றபோது, மாதா கோயிலுக்கு வயது முந்நூறுக்கு மேல் ஆகியிருந்தது. மூத்த தாயார் ஒரு வீட்டில், குடும்பத் தலைவர் இன்னொரு வீட்டில் என்பது போல. தமிழில் இரண்டையும் பேராலயம் என்றே சொல்லிவிடுகிறோம்.

இங்கே நம் அருட்சகோதரியர் சிரிக்கக்கூடிய செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருச்சபைச் சட்டத்தின் கண்டிப்பான வழக்கில் ‘நன்’ என்பவர் அடைபட்ட மடத்துக்குள் இருந்து செபத்தில் வாழ்பவர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் சேவை செய்கிறவர் ‘சிஸ்டர்’. ஆகவே நமக்குக் கணக்குப் போட்டுக் காட்டும் சிஸ்டர், சிஸ்டர்தான், ‘நன்’ அல்லர். ‘கான்வென்ட்’ என்ற சொல்லோ நம் நாட்டுக்கு வந்து துறவியரையே மறந்துவிட்டது. ‘என் மகள் கான்வென்ட்டில் படிக்கிறாள்’ என்று பெருமைப்படும் பெற்றோர் மடத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆங்கில வழிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒரு சகோதரிகூட இல்லாத பள்ளிக்கும் அப்பெயரை வைக்கிறார்கள்.

முத்துக்கு வருவோம். முத்துக்குளித்துறைப் பெண்கள் முத்தைப் பற்றித் தவறாகப் பேசக்கூடாது. கடைவீதியில் ‘இது ஒரிஜினல் முத்து, ஆர்ட்டிபிஷியல் அல்ல’ என்று சொல்லி விற்கிறார்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை அறியாதவர்தான் ஏமாறுகிறார். தானே சிப்பிக்குள் விழுந்த பொருளைச் சுற்றிச் சிப்பி தன் ஒளிப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரந்து உண்டாக்குவது ‘நேச்சுரல்’ முத்து. மனிதன் சிப்பியைத் திறந்து, சிப்பி ஓட்டில் கடைந்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் மெல்லிய சதைத்துண்டையும் உள்ளே வைத்து, மறுபடி கடலில் விட்டு வளர்ப்பது ‘கல்ச்சர்ட்’ முத்து. கண்ணாடி மணிமேல் மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசுவது ‘இமிட்டேஷன்’ முத்து. முதல் இரண்டும் சிப்பி செய்தவை. மூன்றாவதைச் சிப்பி கண்டதே கிடையாது. ஆனால் தமிழில் ‘செயற்கை முத்து’ என்று ஒரே மூச்சில் பின்னிரண்டையும் சொல்லிவிடுகிறோம். வளர்ப்பு முத்து, போலி முத்து என்று பிரித்துச் சொல்லத் தமிழில் சொற்கள் இல்லாமல் போகவில்லை. நமக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டிய இடமும் நம் பக்கத்து வேப்பலோடைதான். 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி அதைச் செய்து காட்டினார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1961இல், இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்திருந்தது. பார்களில் சிப்பி போதிய அளவு இல்லாமையால் பின்னர் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதாவது ‘நேச்சுரல்’ என்ற சொல் நம் கரையில் ஓய்ந்து, பின் ‘கல்ச்சர்ட்’ என்ற சொல் பிறந்தது. (பண்பட்டவர் என்பதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘கல்ச்சர்ட்’தான். நிலத்தைப் பண்படுத்துவது, மனத்தைப் பண்படுத்துவது, சிப்பியைப் பண்படுத்துவது மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. நம் வகுப்பில் சிலரைப் பண்படுத்துவதைவிடச் சிப்பி எளிது என்று ஆசிரியைகள் நினைப்பார்களோ என்னவோ!)

ஆங்கிலத்தில்தான் நுணுக்கம், தமிழில் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலேயன் முத்தெடுக்கும் தொழிலை ‘பேர்ள் ஃபிஷரி’ என்கிறான். மீன் பிடிப்பது போல முத்தையும் பிடிக்கிறான். அவன் கண் வலையில் வந்து விழும் பொருளின்மேல். நாம் முத்துக்குளித்தல் என்கிறோம். நம் கண் மூச்சை அடக்கி நீருக்குள் இறங்கும் மனிதன்மேல். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே காத்திருக்கும் துணையாளும் அந்தச் சொல்லில் நமக்குத் தெரிகிறார். எது நல்ல சொல் என்று நீங்களே சொல்லுங்கள்.

காற்றையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பிரீஸ்’, ‘விண்ட்’, ‘கேல்’, ‘ஸ்டார்ம்’ என்று காற்றின் வேகத்துக்கேற்பப் பெயர் மாறுகிறது. பியூஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் அதற்கு எண்ணே போட்டுவிட்டார். நம் கடற்கரைக்காரருக்கு வேகத்தைவிடத் திசைதான் முதலில் வேண்டும். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். பாய்மரத்தில் போகிறவனுக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எவ்வளவு வேகம் என்று மட்டும் தெரிந்து என்ன பயன்? வாடை என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் எழுதச் சொன்னால் அந்த மொழிக்காரன்தான் திணற வேண்டும்.

‘ஷிப்’, ‘போட்’ வேறுபாடு எல்லாருக்கும் தெரியும், அதில் நேரம் போக்க வேண்டாம். ஆனால் நாம் கொடுத்த ‘கட்டுமரம்’ என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. இன்று மேனாட்டில் ‘கட்டமரான்’ என்றால் இரட்டை உடல் கொண்ட விசைப்படகு, உல்லாசப் படகு. கட்டும் இல்லை, மரமும் இல்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளை கோட்டு சூட்டோடு திரும்பி வந்து நிற்பது போல அந்தச் சொல் நம் ஆங்கிலப் பாடத்தில் வந்து நிற்கிறது. நாமும் அதற்கு அகராதி பார்க்கிறோம்.

‘இதெல்லாம் பண்டிதர்களுக்கு, பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு எதற்கு? பிழையில்லாமல் நான்கு வாக்கியம் பேசினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு முதலில் பேச்சுத்தான் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கடற்கரையில் வாழ்கிறவர்களுக்குச் சொல்லின் வித்தியாசம் பண்டிதர் விஷயம் அல்ல. வானிலை நிலையம் முதலில் புயல் ‘அலர்ட்’ தருகிறது. பிறகு ‘வார்னிங்’ தருகிறது. முன்னது மோசமான வானிலை தொடங்க ஏறத்தாழ 48 மணி நேரம் இருக்கும்போது, பின்னது 24 மணி நேரம் இருக்கும்போது. தமிழில் இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்று சொல்லிவிட்டால், கேட்கிறவர் நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் வேற்றுமை தெரியாமல் நிற்பார். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு இதனினும் நேர்மையானது. ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டுவிடுகிறது. பதினொன்றாம் எண் காற்றின் வலிமையைச் சொல்வதன்று. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ‘இனிச் சொல்ல ஒன்றும் எங்களிடம் இல்லை’ என்பதையும் ஒரு குறியாக வைத்திருக்கிறார்கள்.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரிக் கரையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் பலர் திரும்பவில்லை. அப்போது பத்திரிகைகளில் ‘டெட்’, ‘மிஸ்ஸிங்’ என்று இரண்டு பட்டியல்கள் வந்தன. இறந்தவர் என்றால் உடல் கிடைத்தவர். மற்றவர் காணாமற்போனவர். நம் நாட்டுச் சட்டப்படி, வழக்கமாக ஒருவரைப் பற்றிச் செய்தி அறிந்திருக்கக்கூடியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் வரை எந்தச் செய்தியும் கிடைக்காவிட்டால்தான் அவர் இறந்ததாகக் கொள்ள முடியும். இறப்புச் சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகை முதல் வங்கிக் கணக்கு வரை எதிலும் கை வைக்க இயலாது. ஒரே படகில் போன இருவரில் ஒருவருடைய உடல் கரை ஒதுங்கியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சொல். ஒதுங்காவிட்டால் மற்றக் குடும்பத்துக்கு வேறொரு சொல். ஏழாண்டு காத்திருக்க வைக்காதீர்கள் என்று அக்குடும்பங்கள் கேட்டன. அரசுகளும் பின்னர் இசைந்து விதியைத் தளர்த்தி உதவி அளித்தன.

அந்தச் சட்டமும் இரக்கமில்லாமல் எழுதப்பட்டதன்று. உயிரோடிருப்பவரை இறந்தவர் என்று அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லுக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்பிக்கைக்கு இடம் வைக்கிற அதே சொல்தான் அரிசி வாங்கவும் தடையாக நின்றது. அந்தச் சொல்லின் இரண்டு பக்கத்தையும் அறிந்து மனு எழுதத் தெரிந்த ஒரு பெண் அந்தத் தெருக்களில் இருந்திருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருப்பாள்! மனு எழுதும் வேலை பெரும்பாலும் படித்த மகளிடம்தான் வந்து சேருகிறது. எங்கள் தெருவிலும் அப்படித்தான்.

சொல் வேறுபாட்டைப் பொருட்படுத்தியவர்களில் நமக்கு மிக வேண்டிய ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது தமிழ் அறியாதவர். பிறர் மொழிபெயர்த்துக் கொடுத்த செபங்களை மனப்பாடம் செய்துதான் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தார். நாம் சொற்பொருள் மனப்பாடம் செய்வது போலத்தான்! 1544இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்திருக்கிறதாம். கடவுளை நம்புகிறேன் என்பதும் கடவுள் எனக்கு வேண்டும் என்பதும் ஒன்றல்ல. மாற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து. இரண்டுமே நல்ல சொற்கள்தாம். சாதாரணமானவராக இருந்தால் ‘கருத்து வந்துவிட்டதே, போகட்டும்’ என்று விட்டிருப்பார். ஆயிரக்கணக்கானோர் அந்தப் பிழையோடு செபம் கற்றுவிட்ட பிறகும் அவர் விடவில்லை. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழுக்கு இலக்கணம் எழுதும் அளவுக்கு மொழியைக் கற்றார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது.

அந்தத் தலைப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அன்று இறைவனுக்கே ‘வணக்கம்’ என்று எழுதினார்கள். இன்று ஞானோபதேச வகுப்பில் இறைவனுக்கு ஆராதனை, மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் என்று பிரித்துப் படிக்கிறோம். ஆகஸ்டு 5ஆம் தேதித் திருவிழாவுக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் சிலர் ‘மேரி வொர்ஷிப்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘வெனரேஷன்’ என்று எழுத வேண்டும். ஆனால் அவர்கள்மீது முழுக் குற்றமும் சொல்ல முடியாது. பழைய ஆங்கிலத்தில் ‘வொர்ஷிப்’ என்றால் மரியாதை என்றே பொருள். நீதிபதியையும் நகரத் தலைவரையும் ‘யுவர் வொர்ஷிப்’ என்று அழைத்தார்கள், அவர்களை யாரும் சாமியாகக் கும்பிட்டதில்லை. தமிழில் வணக்கம் இறங்கி வந்தது, ஆங்கிலத்தில் வொர்ஷிப் ஏறிப் போனது. வழியில் இரண்டும் சந்தித்துக்கொண்டிருக்கும்.

ஆகையால் நம் ஆங்கில ஆசிரியைகளிடம் ஒரு விண்ணப்பம். சொற்பொருள் நோட்டில் இரண்டு பத்திக்குப் பதில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள். மூன்றாவதில் அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எந்தப் பொருள், எந்த இடம் என்று எழுத வேண்டும். ‘ஹார்பர்’ எதிரே அலைதடுப்புச் சுவர். ‘பசிலிக்கா’ எதிரே மாதா கோயில். எழுத இடமில்லாத சொல் வந்தால் அந்தச் சொல் நமக்கு இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை துறைமுகத்துக்கும் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்கும் அழைத்துப் போனால் இன்னும் நல்லது. சுற்றுலாவாக அல்ல, ஆங்கில வகுப்பாக.

நான் இன்னும் தொடாதது ‘கோஸ்ட்’, ‘ஷோர்’, ‘பீச்’, ‘பேங்க்’ என்ற நான்கும். நான்குக்கும் கரை என்றே எழுதி வருகிறோம். படம் வரைகிறவன் பார்ப்பது கோஸ்ட், படகிலிருப்பவன் பார்ப்பது ஷோர், மணல் இருந்தால் பீச், ஆறாக இருந்தால் பேங்க் என்பது வரை எனக்குத் தெரிகிறது. தாமிரபரணி கடலோடு சேரும் புன்னைக்காயலில் நின்றால் நான்கையும் ஒருங்கே பார்த்துவிடலாம் போலிருக்கிறது. அடுத்த ஆண்டு மலருக்கு ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் யாரேனும் போய்ப் பார்த்து எழுதட்டும்.